பொடியன் வரும்வரை

பொடியன் விற்பனைக்கு வந்த நேரத்தில் ரெஜினாவின் இரண்டு கைகளும் புருஷனுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். கட்டிலில் சவரிராஜ் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு ரப்பர் மாஸ்க், அதன் தலையில் பப்பாளிப்பழம் அளவுக்கு ஒரு காற்றுப் பை. இடது கையால் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கையால் பையை அமுக்க வேண்டும். அமுக்கினால் அவர் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். அமுக்காவிட்டால் நெஞ்சு அப்படியே கிடக்கும். அதைப் பார்க்கிற தைரியம் ரெஜினாவுக்குக் கிடையாது.

தலையணை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த போனில் 'இப்போது விற்பனையில்' என்று ஒரு பச்சைப் பட்டன் வந்து நின்றது. மூன்று முறை தள்ளிப்போட்ட விற்பனை. வந்ததுதான் வந்தது, அந்த மனிதர் ஒரு நாள் முழுக்கக் கண்விழித்துக் கிடந்துவிட்டு இப்போதுதான் அசந்திருக்கிறார், இந்த மத்தியானத்திலா வர வேண்டும்? வீட்டில் வேறு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

ரெஜினா குனிந்து மூக்கு நுனியால் பட்டனைத் தொட்டாள். வேலை செய்தது. விலாசத்தை முன்பே பதிந்து வைத்திருந்ததால் அடுத்த பக்கத்தையும் மூக்காலேயே தாண்டிவிட்டாள். அதற்கடுத்த பக்கம் அவள் மனுஷிதானா என்று சந்தேகப்பட்டது. 'கீழே உள்ள படங்களில் மாட்டுவண்டி இருப்பவற்றை மட்டும் தொடவும்' என்றது. அத்தனை கிட்டத்தில் குனிந்து பார்த்தால் எது மாட்டுவண்டி, எது வைக்கோல்போர் என்று யாருக்குத் தெரியும்? நெற்றி வியர்வை வேறு திரையில் சொட்டியது. தப்பான படத்தைத் தொட்டாள். 'மீண்டும் முயலவும்' என்று புதிதாக ஒரு கூடைப் படங்களைக் கொட்டியது.

"என்னங்க. எந்திரிங்க. என்னங்க" என்று சத்தம் போட்டாள்.

சவரிராஜ் திடுக்கிட்டு விழித்து மாஸ்க்கைத் தள்ளினார். "என்ன ரெஜி, என்ன ஆச்சு?"

"அந்தப் போனை எடுங்க. மாட்டுவண்டியத் தொடுங்க."

"எந்த மாட்டுவண்டி?" என்றார் பாவம், தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அவர் போனைக் கண்டுபிடித்து எடுப்பதற்குள் பச்சைப் பட்டன் சாம்பல் நிறமாகி 'இருப்பு தீர்ந்தது' என்று சொல்லிவிட்டது. ரெஜினா பையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது என்ன கூத்து என்று இருக்கும். பொடியன் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு எலெக்ட்ரானிக்ஸ் போர்டு, பொம்மைக் காரை ஓட்டவும் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடவும் பொழுதுபோகாதவர்கள் வாங்கிப்போடுவது, அதற்காகவா ஒரு பெண் மூக்கால் போனைத் தேய்ப்பாள்? சொல்கிறேன்.

சவரிராஜ் திருவெறும்பூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மூளைக்காய்ச்சல் வந்து போனது. போகும்போது ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போனது. விழித்திருக்கும்வரை மனிதருக்கு ஒரு குறையும் கிடையாது. கிளட்சை மிதிக்காமல் கியர் போடுகிறவனை ஏழு தலைமுறைக்குத் திட்டுகிற அளவுக்கு மூச்சு தாராளமாக வரும். கண்ணயர்ந்தால் மட்டும் மூளை மூச்சுவிடச் சொல்ல மறந்துவிடும். அதற்காக அவர் நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு கம்பிச்சுருளை வைத்துத் தைத்தார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். அவர் தூங்கியதும் பெட்டி சுருளுக்குத் துடிப்பு அனுப்பும், சுருள் நரம்பைத் தட்டும், நெஞ்சு ஏறி இறங்கும். அப்படியே ஐந்து வருடம் நிம்மதியாகத் தூங்கினார். அப்புறம் ஒரு நாள் பெட்டி நின்றுபோனது.

"ஏம்மா, கீழ போடல, தண்ணி படல, நல்லா இருந்த மெஷின் எப்படி நிக்கும்?" என்று மும்தாஜ் அக்கா கேட்டாள்.

"அது ரிப்பேர் ஆகலக்கா. காலாவதி ஆயிடுச்சு."

"மாத்திரைக்குத்தான் காலாவதி போடுவாங்க. மெஷினுக்குமா?"

"இப்பப் போடுறாங்க. அந்த வருஷம் ரயில் சிக்னல், தண்ணி மோட்டார் எல்லாம் ஒரே நாள்ல நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? பழைய சிப்புக்குள்ள எவனோ பூந்து கெடுத்துவிட்டான். அதுக்கப்புறம் சட்டம் போட்டாங்க. புரோகிராம் வச்சு ஓடுற சிப் எதுவா இருந்தாலும் அஞ்சு வருஷம்தான். தேதி வந்தா தானா அணைஞ்சுடும். கம்பெனிக்காரன் புது சிப் போட்டுக் கொடுக்கணும்."

"அப்ப கம்பெனிக்காரனைக் கேக்க வேண்டியதுதானே."

"கம்பெனியே இல்லக்கா. மூடிட்டுப் போயிட்டான்."

மும்தாஜ் அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஊர் நன்மைக்குத்தான் போட்டார்கள். ஊர் என்று சொல்லும்போது அதில் சவரிராஜ் மாதிரி ஆட்களின் தலை எண்ணிக்கையில் வரவில்லை, அவ்வளவுதான். ரெஜினா பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்த மூச்சு மெஷின்களிலும் பாதி அதே வருடத்துச் சரக்கு. மிச்சம் இருந்தவை குழந்தைகளுக்கும் ஆபரேஷனுக்கும். டாக்டர் நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துப் பேசினார். "பெயர் பதிஞ்சு வச்சிருக்கேன்மா. மெஷின் வர்ற வரைக்கும் இதை வச்சு சமாளிங்க" என்று காற்றுப் பையைக் கொடுத்து, அமுக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்கம் என்பது இரண்டு பேர் செய்கிற வேலையாகிவிட்டது. ஒருவர் தூங்க, ஒருவர் அமுக்க. அக்கம்பக்கத்தில் ஆட்கள் விழித்திருக்கிற பகல் நேரத்திலேயே அவரைத் தூங்கவைத்தார்கள். கை வலித்தால் மும்தாஜ் அக்கா மாற்றிக்கொள்வாள். ராத்திரியெல்லாம் அவர் விழித்துக் கிடப்பார், அவர் அசந்துவிடாமல் பார்த்துக்கொண்டு ரெஜினாவும் கிடப்பாள்.

ரெஜினாவுக்கு ஆபீசில் கிளார்க் வேலை, வீட்டுக்கு வந்தால் கையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன். காலேஜ் காலத்திலிருந்தே அந்தப் பைத்தியம். புருஷன் பெட்டி நிற்பதற்கு எட்டு மாதம் முன்பே தேதியைப் பார்த்துவிட்டு, மாற்று ஏற்பாட்டை அவளே செய்ய இறங்கினாள். பெட்டியைத் திறந்து பார்த்ததில் சிப்பைத் தவிர மற்றதெல்லாம் சாதாரண மின்சுற்று, அதற்குச் சட்டமும் கிடையாது சாவும் கிடையாது. சிப்பை மட்டும் எடுத்துவிட்டு ஒரு போர்டை வைத்து, அதில் தன் புரோகிராமை ஓட்டினால் போதும். எழுதினாள். அடடா, என்ன புரோகிராம் அது! ஆள் லேசாகக் கண்ணயர்ந்தால் ஒரு வேகம், ஆழ்ந்து தூங்கினால் ஒரு வேகம், ஒருக்களித்துப் படுத்தால், காய்ச்சல் அடித்தால், இருமினால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆனால் கடையில் கிடைக்கிற போர்டுகளும் அதே சட்டத்துக்குள்தான், ஐந்து வருடம் ஓடுவதை லைசென்ஸ் உள்ள கம்பெனிக்கு மட்டும்தான் விற்பார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு என்று விற்கிற போர்டின் ஆயுள் இன்னும் மோசம், சில மணி நேரத்திலேயே ஒரேயடியாக அணைந்துவிடும்.

அப்போதுதான் பொடியன் வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. சின்னக் கம்பெனி ஒன்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கிவிட்டது. பொடியனுக்குக் காலாவதி கிடையாது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: முதலில் ஏற்றுகிற புரோகிராம் ஒரு மணி நேரம் ஓடியதும் போர்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. மாற்ற முடியாததற்குள் எவனும் புக முடியாதல்லவா, அதனால் அரசாங்கம் தலையாட்டியது. ரெஜினா போனில் சேர்ந்திருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் குழுவில் எண்ணூறு பேர். அத்தனை பேரும் பண்டிகைக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார்கள். எப்போது வரும், எத்தனை கம்பிக்கால், என்ன நிறம் என்று நாளெல்லாம் அதே பேச்சு. ரெஜினாவும் அவர்களோடு சேர்ந்துதான் காத்திருந்தாள், அவள் காத்திருந்தது வேறு மாதிரி.

அந்த மத்தியானம் விற்றுத் தீர்ந்த பிறகு, அழுது முடித்துவிட்டு, குழுவில் எழுதினாள். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் எழுதினாள். யாராவது ஒருவர் ஒரு பொடியனை விட்டுக்கொடுங்கள், காலில் விழுகிறேன் என்று எழுதினாள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. போர்டு வாங்கினால் மூன்றாக வாங்குவார்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று புகைந்துபோவதற்கு, ஒன்று டிராயருக்கு. மூன்றுமே டிராயரில்தான் கிடக்கும் என்பது அவர்களுக்கே தெரியும், அதை வைத்து அவர்களே சிரித்துக்கொள்வார்கள். பதில்கள் வந்தன. கும்பிடுகிற கை படங்கள் நிறைய வந்தன. 'மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு, என்னோடது பையனோட ரோபோவுக்குன்னு சொல்லிட்டேன்.' 'அடுத்த லாட் கண்டிப்பா வரும், தைரியமா இருங்க.' 'மெடிக்கலுக்கு இதெல்லாம் யூஸ் பண்றது சட்டப்படி தப்பு மேடம், பாத்துக்கங்க.' ஒருவர் தன்னிடம் நான்கு உறுதியாகியிருப்பதாகவும் பெட்டியைப் பிரிக்காமல் சேகரிப்பில் வைக்கப்போவதாகவும் வேறொரு பேச்சில் சந்தோஷமாக எழுதியிருந்தார். ரெஜினா அவருக்குத் தனியாக எழுதினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை.

நாள்கள் போயின. அவள் வலது கை மணிக்கட்டு வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. சோறு பிசையும்போதுகூடக் கை அமுக்கி விடுகிற அதே தாளத்தில் பிசைந்தது. லீவு போட்டுப் போட்டு ஆபீசில் கூப்பிட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அப்புறம்தான் அது நடந்தது.

காலை பத்து மணி வெளிச்சம், எதிர் வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம், எல்லாம் இருக்கும்போதே அவள் உட்கார்ந்த வாக்கில் தூங்கிவிட்டாள். கனவில் பையை அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் கொடுமை. கனவில் அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்த மும்தாஜ் அக்கா கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சவரிராஜின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். அவர் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. இரண்டாவது அறையில் விழித்து, பெரிதாக ஒரு மூச்சை இழுத்தார்.

ரெஜினா எழுந்து நின்றாள். "கொன்னுருப்பேன் அக்கா. நானே கொன்னுருப்பேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"வாய மூடு. ஒண்ணும் ஆகல" என்றாள் மும்தாஜ் அக்கா. கொட்டிய குழம்பைத் துடைக்கக் குனிந்தாள்.

சவரிராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். "ரெஜி, இனிமே நான் தூங்கல."

"பைத்தியமா? எத்தனை நாளைக்குத் தூங்காம இருப்பீங்க?"

"எத்தனை நாளைக்கு முடியுதோ. நீ தூங்கு. நான் செத்தா அது வியாதில செத்ததா இருக்கட்டும். உன் கையில வேண்டாம்."

அவள் சமையலறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனைப் பார்த்தபோதுதான் அந்தச் செய்தி வந்திருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து இசக்கியப்பன் என்று ஒருவர். குழுவில் அவர் பேசியே அவள் பார்த்ததில்லை. 'தங்கச்சி, என்கிட்ட ஒரு பொடியன் இருக்கு. பார்சல் இன்னைக்குத்தான் வந்துச்சு. அட்ரஸ் அனுப்புங்க.'

உடனே அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, நிஜமாவா சொல்றீங்க? உங்களுக்கு வேண்டாமா?"

"எனக்கு இனி என்னத்துக்கும்மா? டிராயர்லதான் கெடக்கும்." குரல் எங்கேயோ தூரத்தில் இருந்து வந்தது. "பஸ்ல போட்டுவிடுதேன். காலையில உங்க ஊருக்கு வந்திரும். கண்டக்டர் நம்பர் அனுப்புதேன்."

டிராயர் என்றதும் ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நம்ம ஆளுங்க எல்லார் டிராயரும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள்.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

சவரிராஜ் சொன்னபடியே செய்தார். அன்று முழுக்க உட்காரவே இல்லை, உட்கார்ந்தால் கண் சொருகிவிடும் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் பொடியன் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது அவர் சுவரில் முட்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்திருந்தார். ரெஜினா ஆட்டோ பிடித்துப் போய், கண்டக்டர் கையிலிருந்து பெட்டியை வாங்கி, வழியெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி நீளத்தில் பச்சைப் போர்டு. கம்ப்யூட்டரில் செருகினாள். எட்டு மாத உழைப்பை ஏற்றச் சொல்லி ஒரு தட்டு தட்டினாள்.

'இந்தப் போர்டு பூட்டப்பட்டுவிட்டது' என்றது திரை.

மறுபடி தட்டினாள். கேபிளை மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். போர்டின் மூலையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் கையில் புதுப் போர்டு வந்தால் முதல் வேலையாக ஒரு விளக்கைச் சிமிட்டவைப்பார்கள். அதற்கு நாலு வரிப் புரோகிராம் போதும். போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வழி அது. இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் கட்டாயம் சிமிட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், பாலை மோந்து பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல. அண்ணாச்சியும் சிமிட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு உடனே கழற்றியிருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டிருக்கிறார். போர்டு அதையே தன் வேலை என்று நினைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டது. இனி அது உலகம் உள்ளளவும் சிமிட்டும். வேறெதுவும் செய்யாது.

அவரைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. சும்மா கொடுத்த மனிதரை எந்த வாயால் கத்துவது? போனை எடுத்தாள், வைத்துவிட்டாள்.

"என்ன, வேலை செய்யலியா?" என்றார் சவரிராஜ் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு. நாக்கு குழறியது. அவள் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். "சரி, விடு" என்று சொல்லி, அப்படியே கட்டிலில் சரிந்தார். இந்த முறை அவர் கேட்டுக்கொண்டு தூங்கவில்லை, உடம்பு அவரைக் கேட்காமலே தூங்கிவிட்டது.

ரெஜினா பாய்ந்து பையை எடுத்தாள். மாஸ்க்கை அழுத்தி அமுக்கினாள், விட்டாள். மேஜையில் போர்டு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அடுத்த லாட் எப்போது வருமோ, அதுவரை இந்தக் கை இருக்குமா, இந்த மனிதர் இருப்பாரா என்று நினைத்தாள். மாதாவே என்றாள், அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் கை ஒரு காரியம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். விளக்கு இரண்டு முறை சிமிட்டினால் ஒரு அமுக்கு, இன்னும் இரண்டு முறை சிமிட்டும்வரை விடு. யாரும் சொல்லாமலே கை அந்தத் தாளத்தில் விழுந்திருந்தது. அவர் நெஞ்சும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. உதடு சிவப்பாக இருந்தது. நன்றாகத் தூங்கினார்.

இந்தக் கைக்கு என்ன புரோகிராம் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒருக்களித்தாரா, இருமினாரா, ஆழ்ந்து தூங்குகிறாரா என்று இந்தக் கை ஒரு நாளாவது கணக்குப் போட்டதா? அமுக்கியது, விட்டது. மும்தாஜ் அக்காவின் கையும் அதைத்தான் செய்தது. அதில்தான் அவர் இத்தனை நாள் உயிரோடு இருந்தார். எட்டு மாதம் எழுதிய புரோகிராம் கடைசியில் என்ன செய்யும்? ஒரு கம்பியில் மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும். கொடுத்தால் நெஞ்சு ஏறும், நிறுத்தினால் இறங்கும். அவ்வளவுதான். அந்த ஒரு கம்பிக்குப் போர்டு எதற்கு?

எட்டுக் கால் டைமர் ஐசி என்று ஒன்று உண்டு. காலேஜ் முதல் வருடத்தில் விளக்கு சிமிட்டக் கற்றுக்கொடுப்பது அதில்தான். அதற்குப் புரோகிராம் கிடையாது, ஞாபகம் கிடையாது, ஆகவே சட்டமும் கிடையாது. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சொல்கிற வேகத்தில் எரியவைக்கும், அணைக்கும். இந்தக் குழுவில் வேறு யாராவது வந்து, விளக்கு ஒன்று மெதுவாகச் சிமிட்ட வேண்டும், என்ன போர்டு வாங்கட்டும் என்று கேட்டிருந்தால், இதுக்கெல்லாம் போர்டா, ஒரு டைமர் போடு போ என்று ரெஜினாவே கேலி செய்திருப்பாள். தன் வீட்டுக் காரியம் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. புருஷனுக்கு உலகத்திலேயே நல்ல மூச்சாகக் கொடுக்க வேண்டும் என்று பார்த்தாளே தவிர, ஏதோ ஒரு மூச்சு போதும் என்று பார்க்கவில்லை.

"அக்கா" என்று ஜன்னல் பக்கம் கத்தினாள். "அக்கா, சீக்கிரம் வாங்க. கொஞ்சம் பிடிங்க."

மும்தாஜ் அக்கா பையை வாங்கிக்கொண்டாள். ரெஜினா டிராயரை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். பழைய போர்டுகள், வயர்கள், என்னென்னவோ குப்பைகளுக்கு நடுவில் டைமர் ஐசிகள் ஒரு கை நிறைய இருந்தன. மணிக்கட்டு வலியில் சால்டரிங் அயர்ன் நிற்கவில்லை, விரலைச் சுட்டுக்கொண்டாள். இரண்டு விநாடி ஏறி இரண்டு விநாடி இறங்குகிற மாதிரி மதிப்புகளைப் போட்டாள். ஒன்று நின்றாலும் ஒன்று ஓடட்டும் என்று இரண்டாகச் செய்தாள். பெட்டிக்குள் சிப் இருந்த இடத்தில் அந்தக் கம்பியை இணைத்து, பெட்டியை அவர் இடுப்பில் கட்டினாள்.

"பையை எடுங்கக்கா."

"எடுக்கட்டுமா?"

"எடுங்க."

மும்தாஜ் அக்கா மாஸ்க்கை ஒரு விரல் உயரம் தூக்கினாள். முழுசாக எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே குடத்தோடு யாரோ தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள் மும்தாஜ் அக்கா மெதுவாக. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா."

"ஆமாக்கா" என்றாள் ரெஜினா. சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து வந்தது.

அன்று மும்தாஜ் அக்கா காவலுக்கு உட்கார, ரெஜினாவும் தரையில் விழுந்து தூங்கினாள். விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது. சவரிராஜ் கட்டிலில் உட்கார்ந்து முகம் மலர்ந்திருந்தார். மூச்சு ஒரே மாதிரி மிலிட்டரிக்காரன் நடப்பதுபோல் இருக்கிறது, கனவுகூட லெஃப்ட் ரைட் என்று வருகிறது என்று கேலி பேசினார். ரெஜினா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு முதல் வேலையாக அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, அவரு தூங்கினாரு. ராத்திரி முழுக்கத் தூங்கினாரு."

"சந்தோசம்மா. ரொம்ப சந்தோசம். போர்டு நல்லா ஓடுதா?"

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். போர்டு பூட்டியிருந்துச்சு அண்ணாச்சி. சிமிட்டிப் பாத்தீங்கல்ல, அதோட பூட்டிக்கிச்சு."

"ஐயையோ" என்றார். "பெட்டியப் பிரிச்சேன். கை தானா சிமிட்டல ஏத்திட்டு. எரிஞ்சு அணையுறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம் உக்காந்தேன்னு தெரியலம்மா. யாரோ வந்து தோளத் தொட்டு எழுப்புனாவ."

"அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி, அதுவும் நல்லதுக்குத்தான். கேளுங்களேன், போர்டே வேண்டாம்." ரெஜினாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை, மூச்சு விடாமல் கொட்டினாள். "ஒரு டைமர் ஐசி போதும். எட்டுக் கால் டைமர். அந்தச் சிப் இருந்த எடத்துல ஒரே ஒரு கம்பி. ரெண்டு செகண்ட் ஆன், ரெண்டு செகண்ட் ஆஃப். அவ்வளவுதான். இதுக்குப் போயி நான் மாசக்கணக்கா போர்டு போர்டுன்னு உக்காந்திருந்தேன் பாருங்க."

மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." மெதுவாகச் சொன்னார். "அந்த ஐசி எங்கிட்ட ஒரு டப்பா நெறைய கெடக்கும்மா."

"எல்லார் வீட்லயும் கெடக்கும் அண்ணாச்சி."

"எம் மகளுக்கும் அதே பெட்டிதாம்மா" என்றார் இசக்கியப்பன்.

ரெஜினா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தா. நானும் அவ அம்மையும் மாத்தி மாத்தி அமுக்குனோம். போர்டு வந்திரும், வந்திரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவளுந்தான் கேட்டுக்கிட்டே இருந்தா, எப்ப வரும்ப்பா, எப்ப வரும்ப்பான்னு. அன்னைக்கு நான் டூட்டிக்குப் போயிட்டேன். அவ அம்மை கொஞ்சம் அசந்துட்டா. அவளக் குத்தம் சொல்ல முடியுமா, சொல்லுங்க. மறுநா பார்சல் வருது. வீடு நெறைய சொந்தக்காரவ. கையெழுத்துப் போட்டு வாங்குனேன்."

டிராயர் என்று அவர் சொன்னதும் தான் சிரித்தது ரெஜினாவின் காதில் கேட்டது. இப்போது கொட்டியதையெல்லாம் வாரி எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது. "அண்ணாச்சி, எனக்குத் தெரியாது" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாருட்டயும் சொல்லலியே. உங்க செய்தியப் படிச்சேன், இவ வீட்லயாவது ஆகட்டும்னு நெனச்சேன்." அவர் எழுந்து எங்கேயோ நடப்பதும், ஒரு டிராயரை இழுப்பதும் போனில் கேட்டது. "அந்தச் சர்க்யூட்ட வரைஞ்சு குழுவுல போடுங்கம்மா. இப்பவே போடுங்க. ராஜபாளையத்துல ஒருத்தர் இருக்காரு, ஆஸ்பத்திரியில பழக்கம். சம்சாரத்துக்கு இன்னும் பைதான் அமுக்கிக்கிட்டிருக்காரு. அவருக்குச் சால்டரிங் எல்லாம் தெரியாது. நான் ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டு மத்தியான பஸ்ஸப் பிடிச்சிருவேன். ரெசிஸ்டர் என்ன போட்டிய?"

ரெஜினா சொல்ல வாயைத் திறந்தாள். உள் அறையிலிருந்து சவரிராஜ் டிரைவிங் ஸ்கூல் பையன் எவனையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். எண் அவளுக்கு மனப்பாடம். முதல் இலக்கத்தையே இரண்டு முறை சொன்னாள்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா" என்றார் அவர். "எழுதிக்கிடுதேன்."